அயர்ன் மட்டை கீழே இறங்குகிறது, பந்து ஏன் மேலே எழுகிறது?

பசும்புல் எழுதியது:

வணக்கம். கோல்ஃப் பயிற்சியாளர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் ஓர் அறிவுரை எனக்கு நெடுநாளாகப் பிடிபடவில்லை. இரும்புத்தலை கொண்ட அயர்ன் மட்டையால் அடிக்கும்போது பந்தைத் தூக்கிவிட முயலக் கூடாது, மட்டையைக் கீழ்நோக்கி இறக்க வேண்டும், அப்போதுதான் பந்து எழும் என்கிறார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களின் மெதுவோட்டக் காணொளிகளும் அதையே காட்டுகின்றன. பந்தைத் தொடும் கணத்தில் மட்டைத்தலை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. பந்து கிளம்பிய பிறகுதான், அது இருந்த இடத்துக்கு முன்னால் புல்தரை பெயர்ந்து பறக்கிறது. கீழே போகும் பொருள் மோதி இன்னொரு பொருள் மேலே போவது எப்படி? மட்டைக்கும் தரைக்கும் நடுவே பந்து நசுங்கித் துள்ளுகிறது என்று சிலரும், மட்டை முகத்தின் மீது உருண்டு ஏறுகிறது என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். இயற்பியல் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நீலவானம் எழுதியது:

நண்பரே, நசுங்குவதுதான் காரணம் என்று நான் கருதுகிறேன். மட்டை மேலிருந்து அழுத்துகிறது, தரை கீழிருந்து தாங்குகிறது, பந்து தப்பிக்க வேறு வழியில்லாமல் சுழன்றுகொண்டே வெளியேறுகிறது. எவ்வளவு செங்குத்தாக இறக்குகிறோமோ அவ்வளவு பின்சுழற்சி கிடைக்கும் என்பது ஆடுபவர்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்ட செய்தி.

கோணமானி எழுதியது:

நீலவானம் அவர்களின் விளக்கம் பரவலாகச் சொல்லப்படுவதுதான் என்றாலும், அதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மூன்று முறை அடித்து முடிக்க வேண்டிய குறுங்குழிகளில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அயர்னைக் கையில் எடுத்தாலும் பந்தை டீ எனும் சிறு முளையின் மீது வைத்தே அடிக்கிறார்கள். அங்கே பந்துக்கு அடியில் தாங்குவதற்குத் தரை இல்லை. ஆயினும் பந்து அதே உயரத்துக்கு எழுகிறது, அதே அளவு சுழல்கிறது, விழுந்த இடத்தில் நிற்கிறது. ஆகவே தரைக்கு இதில் பங்கில்லை. மட்டைக்கும் பந்துக்கும் இடையே மட்டும் நடப்பதைப் பார்த்தால் போதும்.

மட்டையின் முகம் ஒரு சாய்தளம். மோதலின்போது அது பந்தின் மீது இரண்டு விசைகளைச் செலுத்துகிறது. ஒன்று, முகத்துக்குச் செங்குத்தாகத் தள்ளும் விசை. மற்றொன்று, முகத்தின் வழியே செயல்படும் உராய்வு விசை. முதல் விசையின் திசையை மட்டை எங்கே நகர்கிறது என்பது தீர்மானிப்பதில்லை, முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே தீர்மானிக்கிறது. மட்டை கீழே இறங்கினாலும் முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்வரை பந்து மேல்நோக்கியே தள்ளப்படும். பசும்புல் கேட்ட கேள்விக்கு அடிப்படை விடை இதுதான். மீதியெல்லாம் அளவு பற்றிய செய்தி.

அளவுகளையும் பார்த்துவிடுவோம். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரின் ஆட்டக்காரர்கள் 7ஆம் எண் அயர்னால் அடிக்கும் அடிகளுக்கு டிராக்மேன் ரேடார் தரும் சராசரி அளவுகள் ஏறத்தாழ இவை: மட்டைத்தலையின் வேகம் மணிக்கு 90 மைல், அதாவது நொடிக்கு 40 மீட்டர்; அது கிடைமட்டத்துக்குக் கீழே 4 பாகைக்குச் சற்று மேற்பட்ட கோணத்தில் இறங்குகிறது; பந்து மணிக்கு 120 மைல் வேகத்தில், 16 பாகை ஏற்றத்தில், நிமிடத்துக்கு 7,100 சுற்றுகளோடு கிளம்புகிறது.

அந்த மட்டையின் லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வுக் கோணம், 34 பாகை என்று அச்சிட்டிருக்கலாம். ஆனால் மோதும் கணத்தில் கைகள் பந்துக்கு முன்னால் போயிருப்பதால் ஷாஃப்ட் எனும் தண்டு முன்சாய்ந்து, முகம் ஏறத்தாழ 23 பாகை மட்டுமே மேல்நோக்கியிருக்கும். முகத்தின் செங்குத்துத் திசை 23 பாகை மேலே, மட்டையின் பயணத் திசை 4 பாகை கீழே. இரண்டுக்கும் இடையே 27 பாகையும் கொஞ்சமும். எல்லாக் கணக்கும் இந்த இடைக்கோணத்திலிருந்துதான் பிறக்கிறது.

நொடிக்கு 40 மீட்டர் வேகத்தை இரண்டாகப் பிரித்தால், முகத்துக்குச் செங்குத்தாக 35.7 மீட்டரும் முகத்தின் வழியே 18.6 மீட்டரும் வருகின்றன. மட்டைத்தலையின் நிறையை 270 கிராம், பந்தின் நிறையை 46 கிராம், துள்ளலின் அளவைக் குறிக்கும் மீட்சியளிப்புக் குணகத்தை 0.77 என்று எடுத்துக்கொண்டு உந்த அழிவின்மை விதியைப் பயன்படுத்தினால், செங்குத்துத் திசையில் பந்துக்கு நொடிக்கு 54 மீட்டர் வேகம் கிடைக்கிறது. ரேடார் காட்டும் மணிக்கு 120 மைல் என்பதும் இதுவேதான்.

இனி உராய்வு. மட்டை முகம் தன் வழியே கீழ்நோக்கி நகர்வதால், பந்தின் பின்புறத்தைக் கீழே இழுக்கிறது. பின்புறம் கீழே போனால் மேற்புறம் பின்னோக்கிச் சுழலும். இதுதான் பின்சுழற்சி. பந்து முகத்தின் மீது உருண்டு ஏறி உயரம் பெறுகிறது என்ற கருத்து இங்கே பொருந்தாமல் போகிறது, ஏனெனில் உராய்வு பந்தை மேலே ஏற்றுவதற்கு மாறாகக் கீழே இறக்குகிறது. நிமிடத்துக்கு 7,100 சுற்று என்றால் பந்தின் மேற்பரப்பு நொடிக்கு 15.9 மீட்டர் வேகத்தில் சுழல்கிறது. சீரான திண்மக் கோளம் என்று கொண்டால், அந்தச் சுழற்சியைத் தந்த அதே உராய்வு பந்தின் மையத்தையும் முகத்தின் வழியே கீழ்நோக்கி நொடிக்கு 6.3 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். செங்குத்தாக 54, கீழ்நோக்கி 6.3, திசை 6.7 பாகை தாழ்கிறது. 23இலிருந்து 6.7ஐக் கழித்தால் 16 பாகையும் சொச்சமும். அளந்த மதிப்பும் அதுவே. பள்ளிப் பாடநூலில் உள்ள மோதல் விதிகளைக் கொண்டே இவ்வளவு நெருக்கமாக வந்துவிட முடிகிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி.

செங்குத்தாக இறக்கினால் சுழற்சி கூடும் என்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சுழற்சி இடைக்கோணத்தைப் பொறுத்தது. மட்டையை இன்னும் 3 பாகை செங்குத்தாக இறக்குபவர் பெரும்பாலும் கைகளையும் அதற்கேற்ப முன்னே தள்ளிவிடுவதால் முகமும் 3 பாகை தணிந்துவிடும். இடைக்கோணம் மாறாது, சுழற்சியும் மாறாது, பந்து தாழ்வாகக் கிளம்பும்.

நீலவானம் எழுதியது:

டீயின் மீது வைத்து அடிக்கும் எடுத்துக்காட்டு வலுவானது, ஏற்கிறேன். அப்படியானால் மட்டையை இறக்கவே வேண்டாமே? கிடைமட்டமாக வீசினாலும் இடைக்கோணம் கிடைக்கும் அல்லவா?

கோணமானி எழுதியது:

இயற்பியல் தடுக்கவில்லை, தரைதான் தடுக்கிறது. மட்டைத்தலை ஒரு பெரிய வட்டவில்லில் வருகிறது. வில்லின் அடிப்புள்ளி சரியாகப் பந்துக்குக் கீழே அமைந்தால், பந்துக்குப் பின்னாலுள்ள புல்லை மட்டை முதலில் தொட்டுவிடும் வாய்ப்பு மிகுதி. அடிப்புள்ளி பந்துக்கு முன்னால் இருந்தால் பந்தே முதலில் அடிபடும். வில்லின் ஆரம் ஒன்றரை மீட்டர், தளத்தின் சாய்வு 60 பாகை என்று கொண்டு கணக்கிட்டால், 4 பாகை இறக்கத்துக்கு அடிப்புள்ளி பந்துக்கு 10 முதல் 13 சென்டிமீட்டர் முன்னால் அமைகிறது. பந்தைத் தொட்ட பிறகு மட்டை இறங்கும் ஆழம் வெறும் 5 மில்லிமீட்டர்தான். நல்ல அடியில் பெயரும் புல்தகடு தோசையைப் போல் மெல்லியதாகவும் பந்துக்கு முன்னாலும் இருப்பதற்குக் காரணம் இதுவே. தரையை வெட்டுவது அடிக்குக் காரணமாவதில்லை, பந்து போன பிறகு நடக்கும் பின்விளைவு அது.

உருக்காலை எழுதியது:

கோணமானி அவர்களின் கணக்கு தெளிவாக இருக்கிறது. உலோகத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஓர் ஐயம். மோதும் கணத்தில் பிடியை இறுக்கி, கைகளால் பந்தை ஊடுருவித் தள்ள வேண்டும் என்கிறார்களே, அதனால் மட்டைத்தலையின் நிறை கூடியதைப் போன்ற விளைவு ஏற்படாதா?

கோணமானி எழுதியது:

ஏற்படாது, ஐயா. பந்தும் முகமும் ஒட்டியிருக்கும் நேரம் ஏறத்தாழ 0.45 மில்லிநொடி. அதற்குள் மட்டைத்தலை நகரும் தொலைவு 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. பந்து பெறும் உந்தத்தை இந்த நேரத்தால் வகுத்தால் சராசரி விசை 5,500 நியூட்டன் வருகிறது, அதாவது அரை டன்னுக்கு மேற்பட்ட எடை. உச்ச விசை அதைப் போல் இரு மடங்கை நெருங்கும். வளையக்கூடிய மெல்லிய ஷாஃப்ட் ஒன்றின் மறுமுனையில் இருக்கும் மணிக்கட்டு, இந்த நேரத்துக்குள் இந்த அளவு விசையோடு போட்டியிடவே முடியாது. மோதலில் மட்டைத்தலை நொடிக்கு 40 மீட்டரிலிருந்து 31 மீட்டர் அளவுக்கு வேகம் இழக்கிறது. எவ்வளவு வலிமையானவர் பிடித்திருந்தாலும் இந்த இழப்பு நேரும்.

பிரிட்டனில் 1960களில் அலஸ்டர் காக்ரன் உள்ளிட்டோர் நடத்திய ஆய்வில், மட்டைத்தலைக்குச் சற்று மேலே தடையின்றி மடங்கும் கீல் பொருத்திய மட்டையால் அடித்துப் பார்த்தார்கள். கீல் வழியாகக் கைகளால் எதையும் தள்ள முடியாது. ஆயினும் பந்து வழக்கமான மட்டையால் அடித்ததற்கு நெருக்கமான தொலைவுக்கே போனது. மோதும் கணத்தில் மட்டைத்தலை ஷாஃப்டிலிருந்து கழன்று பறந்துவந்த இரும்புத் துண்டைப் போலவே நடந்துகொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நல்ல அடியின் மென்மையான உணர்வு நரம்பு வழியே நம்மை எட்டுவதற்குள் பந்து ஒரு மீட்டருக்கு மேல் போய்விட்டிருக்கும்.

இதனால் கைகளுக்கு வேலையில்லை என்று ஆகாது. தலையின் வேகம், பாதை, முகத்தின் திசை, படும் இடம் ஆகிய அனைத்தையும் கைகளும் உடலும்தான் அமைத்துக்கொடுக்கின்றன. ஆனால் அது மோதலுக்கு முன்பே முடிந்துவிட வேண்டிய வேலை.

உருக்காலை எழுதியது:

நன்றி. அப்படியென்றால் தலையின் நிறை எப்படிப் பரவியிருக்கிறது என்பதே பெரிய செய்தியாகிறது. கார்ஸ்டன் சோல்ஹைம் ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்து பிங் எனும் கோல்ஃப் மட்டை நிறுவனத்தைத் தொடங்கியவர். தலையின் பின்புறத்தைக் குடைந்து, எடுத்த இரும்பை ஓரங்களுக்குக் கொண்டுபோகும் வடிவம் பரவுவதற்கு முதன்மைக் காரணமானவர் அவர். நிறை மையத்திலிருந்து விலகி அடிபட்டால் தலை திரும்பும். ஓரங்களில் நிறை கூடினால் நிலைமத்திருப்புத்திறன் கூடி, திரும்புவது குறையும்.

நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிலைமத்திருப்புத்திறனைப் பழைய வகைத் தட்டை அயர்னுக்கு 2,200, குடைந்த அயர்னுக்கு 2,900 கிராம் சதுர சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொண்டேன். பந்து 2 சென்டிமீட்டர் விலகிப் பட்டால், பந்தின் வேகம் முதல் வகையில் ஏறத்தாழ 7 விழுக்காடும் இரண்டாவது வகையில் 5 விழுக்காடும் குறைகின்றன. பந்து விலகும் நேரத்துக்குள் முகம் முதல் வகையில் 3 பாகைக்குச் சற்றுக் குறைவாகவும் இரண்டாவதில் 2 பாகைக்குச் சற்று மேலாகவும் திரும்பியிருக்கிறது. விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு வேறுபாடு பெரிதாக இல்லை. ஆனால் 150 மீட்டர் தள்ளியிருக்கும், குழி அமைந்த பச்சைத்திடலுக்கு முன்னால் மணற்குழி இருக்கும்போது, அந்த 2 விழுக்காடு மணலுக்கும் புல்லுக்கும் இடையேயான வேறுபாடாகிவிடும். அயர்னில் நிறை மையம் முகத்தை ஒட்டியே இருப்பதால், நெடுந்தொலைவு அடிக்கும் டிரைவர் மட்டையில் நடப்பதைப் போல் விலகிப் பட்ட பந்து எதிர்ச்சுழற்சி பெற்று இலக்கை நோக்கி வளைந்து திரும்பும் சலுகையும் இங்கே பெரிதாகக் கிடைப்பதில்லை.

பசும்புல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பந்து கிளம்பும் கோணம் வெறும் 16 பாகை என்பது வியப்பாக இருக்கிறது. நேரில் பார்க்கும்போது 7ஆம் எண் அயர்னின் பந்து வானத்தில் நெடுநேரம் நின்று, கிட்டத்தட்ட நேராகக் கீழே விழுவதாகவே தோன்றுகிறதே?

கோணமானி எழுதியது:

தோற்றம் உண்மையே. இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், சற்று விரிவாக எழுதப் பொறுத்தருள வேண்டும்.

காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டு, அதே பந்தை நொடிக்கு 53.6 மீட்டர் வேகத்தில் 16.3 பாகையில் எறிந்தால், எறிபொருள் சமன்பாட்டின்படி அது 158 மீட்டர் தொலைவில் விழும். காற்றுள்ள உலகில் டூர் ஆட்டக்காரர்களின் சராசரி 172 கஜம், அதாவது 157 மீட்டர். காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொலைவு ஒன்றே! ஆனால் பாதை முற்றிலும் வேறு. காற்றில்லாமல் பந்து 11.5 மீட்டர் உயரம்தான் எழும், கிளம்பிய அதே 16 பாகையில் தரையைத் தொட்டு வெகுதூரம் ஓடிவிடும். காற்றில் அது 29 மீட்டர் உயரம் எழுந்து, 50 பாகைச் சரிவில் இறங்கி, விழுந்த இடத்தருகே நிற்கிறது.

காற்று ஒரு கையால் வேகத்தைப் பறித்து, மறு கையால் பந்தைத் தூக்கிப் பிடிக்கிறது. பின்சுழற்சியால் காற்று கீழ்நோக்கித் திருப்பப்பட, பந்து மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. மேக்னஸ் விளைவு என்று நாம் படித்தது இதுதான். தொடக்கத்தில் இந்த ஏற்றுவிசை பந்தின் எடையைவிடவும் கூடுதல் என்பதால், பந்தின் பாதை முதலில் மேல்நோக்கியே வளைகிறது. அயர்ன் என்பது தொலைவுக்கான கருவி என்பதைவிட, குறித்த தொலைவில் செங்குத்தாக இறக்கி நிறுத்துவதற்கான கருவி என்றே நான் மாணவர்களிடம் சொல்வேன்.

இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் எடின்பரோ பல்கலைக்கழக இயற்பியலாளர் பீட்டர் கத்ரி டேட். அவருடைய மகன் ஃபிரெடி டேட் 1896இலும் 1898இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்ற ஆட்டக்காரர். பந்து காற்றில் நிற்கும் நேரம் எறிபொருள் கணக்குக்கு அடங்காமல் நீள்வதைக் கண்ட டேட், 1890களில் அதற்குக் காரணம் பின்சுழற்சியே என்று எழுதினார். சுழற்சியை அளக்க அவர் கண்ட வழி மிக எளியது: பந்தில் நீண்ட நாடா ஒன்றை இணைத்து அடிக்கச் செய்து, நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணினார். அதிவேகக் கேமரா இல்லாத காலத்தில் நாடாவே கருவியாயிற்று.

காற்றே இல்லாத இடத்தில் ஒருவர் அயர்னால் அடித்தும் இருக்கிறார். 1971 பிப்ரவரி 6 அன்று அப்போலோ 14 பயணத்தின்போது ஆலன் ஷெப்பர்ட், மண் மாதிரி எடுக்கும் கருவியின் கைப்பிடியில் 6ஆம் எண் அயர்னின் தலையைப் பொருத்தி, விண்வெளி உடை இறுக்கியதால் ஒற்றைக் கையால், நிலவில் பந்துகளை அடித்தார். பழைய படங்களைச் சீராக்கி 2021இல் அளந்தபோது, முதற்பந்து 24 கஜமும் இரண்டாவது 40 கஜமும் போயிருந்தது தெரியவந்தது. டூர் ஆட்டக்காரர் ஒருவரின் 7ஆம் எண் அயர்ன் அடி அங்கே நிகழ்ந்தால், ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பில் பந்து 950 மீட்டருக்கு மேல் போகும். ஆனால் எவ்வளவு சுழன்றாலும் அந்தச் சுழற்சிக்கு அங்கே வேலையே இல்லை.

தென்றல் எழுதியது:

நெடுநாளாக வாசித்து மட்டும் வருகிறேன், ஒரு கேள்வி கேட்கத் தோன்றியது. நீண்ட புல்லிலிருந்து அடிக்கும்போது சில வேளைகளில் பந்து எதிர்பார்த்ததைவிட மிகத் தொலைவு போய், திடலைத் தாண்டி ஓடிவிடுகிறது. புல் தடுக்கும்போது தொலைவு குறையத்தானே வேண்டும்?

கோணமானி எழுதியது:

புல் மிக அடர்ந்திருந்தால் குறையத்தான் செய்யும், அம்மா. ஆனால் மட்டையைத் தடுக்கும் அளவுக்கு அடர்த்தியில்லாமல், முகத்துக்கும் பந்துக்கும் இடையே சில ஈரப் புல்தாள்கள் சிக்கும் அளவுக்கு மட்டும் இருந்தால், ஆட்டக்காரர்கள் ஃபிளையர் என்று அழைக்கும் அடி பிறக்கும். நசுங்கிய புல்லின் சாறு வழுக்குவதால் உராய்வு குறைகிறது. மேலே போட்ட கணக்கில் உராய்வுக்கு இரண்டு வேலைகள் இருந்தன: பந்தைச் சுழற்றுவது, திசையைக் கீழே தாழ்த்துவது. உராய்வு குறைந்தால் இரண்டும் குறையும். பந்து கூடுதல் ஏற்றத்தில், குறைந்த சுழற்சியோடு கிளம்பும்; விழுந்த பின் நிற்காமல் ஓடும்.

முகத்தில் வெட்டியிருக்கும் பள்ளக்கோடுகளின் உண்மையான பயனும் இங்கேதான் இருக்கிறது. உலர்ந்த, சுத்தமான பந்தை அடிக்கும்போது அவை சுழற்சியைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. நீரையும் சாற்றையும் ஒதுங்கவிட்டு, முகம் பந்தைப் பற்றிக்கொள்ள வழிசெய்வதே அவற்றின் வேலை. அந்த வேலையை மிக நன்றாகச் செய்துவிட்டதால், நேர்பாதையைத் தவறவிட்டு நீண்ட புல்லிலிருந்து அடிப்பவருக்கும் முழுச் சுழற்சி கிடைக்கிறது என்ற கவலையில், கோடுகளின் கொள்ளளவையும் விளிம்பின் கூர்மையையும் குறைக்கும் விதியை ஆட்ட அமைப்புகள் கொண்டுவந்தன. 2010 முதல் அது தொழில்முறைப் போட்டிகளில் நடைமுறைக்கு வந்தது.

நீலவானம் எழுதியது:

உயரம் புரிந்தது. பக்கவாட்டுத் திசைக்கும் இதே விதிதானா? பந்து மட்டையின் வீச்சுப் பாதையில் கிளம்பி, பிறகு முகம் பார்க்கும் பக்கம் வளையும் என்றே எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

கோணமானி எழுதியது:

அதே விதிதான், அதனால் அந்தப் பழைய பாடம் தலைகீழானது. உயரத்தில் பார்த்ததைப் போலவே, கிளம்பும் திசையில் பெரும்பங்கு முகத்துக்கே. அயர்னில் அது முக்கால் பங்குக்கும் மேல். வலக்கை ஆட்டக்காரர் ஒருவரின் முகம் இலக்கை நேராகப் பார்க்க, மட்டையின் பாதை 5 பாகை வலப்புறம் போகிறது என்று கொள்வோம். பந்து ஏறத்தாழ 1 பாகை மட்டும் வலப்புறமாகக் கிளம்பி, பின் இடப்புறம் வளைந்து இலக்கைத் தாண்டி இடப்பக்கம் விழும். முகத்தின் செங்குத்துத் திசையும் மட்டையின் பாதையும் சேர்ந்து அமைக்கும் சாய்ந்த தளத்தில்தான் பந்து கிளம்புகிறது என்று இயற்பியலாளர் தியடோர் ஜார்ஜன்சன் இதை அழகாக விளக்கினார்.

சுழல் அச்சின் சாய்வு, இந்த 5 பாகையை 27 பாகை இடைக்கோணத்தோடு ஒப்பிட்டால் கிடைக்கும்: ஏறத்தாழ 10 பாகை. டிரைவரில் இடைக்கோணம் இதில் பாதிதான் என்பதால், அதே பிழைக்கு அச்சு இரு மடங்கு சாய்கிறது. அயர்ன் நேராகப் போகிறது, டிரைவர் மட்டும் கைவிட்டுவிடுகிறது என்று பலரும் வருந்துவதன் பின்னணியில் இந்தக் கணக்கு இருக்கிறது.

பசும்புல் எழுதியது:

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று. பயிற்சிக்கூடத்துச் செயற்கை விரிப்பில் என் அடிகள் நன்றாகவே போகின்றன, புல்தரைக்கு வந்தால் தொலைவு சட்டென்று குறைந்துவிடுகிறது. இதுவும் உராய்வா?

கோணமானி எழுதியது:

இல்லை, இது அடிப்புள்ளி. விரிப்புக்கு அடியில் கெட்டித்தரை இருப்பதால், பந்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னால் பட்ட மட்டை உள்ளே புதையாமல் வழுக்கிச் சென்று பந்தைத் தொட்டுவிடும். வேக இழப்பு சொற்பம். புல்தரையில் அதே அடி மண்ணுக்குள் இறங்கி, பந்தை அடைவதற்குள் வேகத்தின் பெரும்பகுதியை இழந்துவிடும். புல்தரையில் சுண்ணாம்பால் ஒரு நேர்கோடு வரைந்து, பந்தே இல்லாமல், கோட்டின் மீது பந்து இருப்பதாக எண்ணி வீசிப் பாருங்கள். புல் பெயரத் தொடங்கும் இடம் கோட்டிலேயோ, அதற்கு இலக்குப் பக்கமோ இருக்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் பெயர்ந்தால், லாஃப்ட், பள்ளக்கோடு எதையும் ஆராய்வதற்கு முன் உடல் எடையை முன்காலுக்கு மாற்றுவதைக் கவனியுங்கள். வில்லின் அடிப்புள்ளியை முன்னே நகர்த்துவது அதுதான்.